சிலம்பும் பம்பையும்: இரு வைகாசி விழாக்களின் இசை

தமிழகத்து விழாக்களையும் ஈழத்து விழாக்களையும் ஒப்பிட்டு எழுதுவார் பெரும்பாலும் இரு முடிபுகளுள் ஒன்றனை வந்தடைவர். இரு நாட்டிலும் விளங்குவது ஒரே மரபு என்பது ஒன்று; நாம் இழந்ததை ஈழம் காத்து வைத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், விழாவில் இசை ஆற்றும் பணி யாது என்னும் வினாவை இரண்டும் எழுப்புவதில்லை. அவ்வினாவை முன்னிறுத்தி, வைகாசித் திங்களில் நிகழும் இரண்டு அம்மன் விழாக்களை ஈண்டு நோக்குவாம். ஒன்று, வேலூருக்கும் ஆம்பூருக்கும் அணித்தாய குடியாத்தத்தில் நிகழும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மற்றொன்று, மட்டக்களப்புத் தமிழகத்துக் கண்ணகியம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்தி விழா.

குடியாத்தத்து விழாவின் பொருள் இரேணுகையின் கதை. கணவன் சமதக்கினியின் ஆணையால் மகன் பரசுராமன் தாயின் தலையைக் கொய்தான். மீண்டும் உயிர் பெற்றபோது அத்தலை, இழிகுலத்தாள் எனப்பட்ட வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்தியது என்பது கதை. வைகாசி முதல் நாள், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலினின்றும் புறப்படும் சிரசு கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலை அடைந்து, ஆங்குள்ள உடலில் பொருத்தப்பெறும். இரவில் மீண்டும் பிரிக்கப்பெறும். இக்கதை ஊர்வலத்தில் முழுமையாக எடுத்துரைக்கப்படுவதன்று, ஊர்வலமே கதையாகின்றது. பம்பை, தப்பு, சிலம்பாட்டம், புலியாட்டம் ஆகியன சிரசைச் சூழ்ந்து செல்கின்றன.

மட்டக்களப்பு விழாவின் போக்கு வேறு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசியில் கண்ணகி கோயிற் கதவு திறக்கப்பெறும். பின்னர்க் கண்ணகி வழக்குரை என்னும் காவியம் நாடோறும் படிக்கப்பெறும். மீகாமன் நாகமணி வேண்டிக் கடல் கடந்து சென்று போர் செய்யும் கடலோட்டு காதை போன்ற, இளங்கோவடிகள் கூறாத பகுதிகளும் அதன்கண் உள. இறுதியில் குளிர்த்திப் பாடல் பாடி, மதுரையை எரித்த தெய்வத்தின் வெம்மை தணிக்கப்பெறும். கயவாகு மன்னன் ஆடித் திங்களில் விழா எடுத்ததாகச் சிலப்பதிகார உரைபெறு கட்டுரை கூற, மட்டக்களப்பார் வைகாசியையே போற்றுகின்றனர். கோடையின் வெப்பமும் அம்மை நோயும் இவ்விரு தெய்வங்களோடும் இயைத்துக் கருதப்பட்டன என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். பெரியம்மை ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் விழாக்கள் நின்றுவிடவில்லை.

இவ்விரு விழாக்களின் வேறுபாட்டை அறிய ஒரு கருவியே போதும், அது சிலம்பு. வேலூர் வட்டாரத்துப் பம்பைக்காரர் அம்மனை வருணித்துப் பாடுங்கால் உடுக்கையும் கைச்சிலம்பும் துணையாகக் கொள்வர். ஆண்டுச் சிலம்பு தெய்வத்தை அழைக்கும் ஒலி. அதற்குக் கதை வேண்டுவதில்லை. மட்டக்களப்பில் உடுக்கோடு ஒலிக்கும் சிலம்போ, வழக்கில் சான்றாய் நின்ற சிலம்பின் நினைவைத் தாங்கியது. அதன் ஒலியைக் கேட்பார் அரசவையில் உடைந்த சிலம்பையும் உடன் கேட்கின்றனர். ஓரிடத்தில் ஒலி முந்தச் சொல் அதன்பின் வருகின்றது. மற்றோரிடத்தில் சொல் முந்த ஒலி அதன்பின் வருகின்றது. கருவிகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் ஒப்பிடுவார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

இவ்வேறுபாட்டினின்றும் வேறொரு விளைவும் தோன்றியது. சொல் முதன்மை பெற்ற மட்டக்களப்பு மரபு ஏட்டில் நின்றது. ஏட்டில் நின்றமையால் அச்சேறியது. வித்துவான் வீ. சீ. கந்தையா 1964-இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலை வெளியிட்டார். கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தார். 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அப்பகுதியை அலைத்தபோதும் காவியப் பாடம் மாளவில்லை. பம்பைக்காரர் பாடமோ அவர்தம் நினைவிலும் கைவிரலிலும் வாழ்வது. இரேணுகை கதை புராணங்களில் உண்டே எனின், உண்டு. ஆயினும், புராணக் கதை வேறு, வருணிப்பின் அமைப்பு வேறு. எவ்விடத்தில் தாளம் மாறுகின்றது, எவ்விடத்தில் பாட்டு நின்று உரை தொடங்குகின்றது என்பன புராணத்தில் கிடைப்பன அல்ல. நாம் ஏட்டை இலக்கியம் என்றும், பம்பையைப் பின்னணி என்றும் கொண்டோம். இது மரபின் குறையன்று. நம் ஆய்வு முறையின் குறை.

இவ்விடத்து மரபு மறைகின்றதே என்று இரங்கி முடித்தல் எளிது. ஆனால், பறையும் தப்பும் யார் கையில் இருந்தன என்பதையும் எண்ணுதல் வேண்டும். தாழ்த்தப்பட்ட குடியினர்மேல் சாவுக்கும் விழாவுக்கும் கொட்டும் கடமை சுமத்தப்பட்டிருந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் அவர்க்கு ஊர்க்காரர் தயவை நோக்காத ஒரு கூலியைத் தந்தன. அம்பேத்கரிய இயக்கங்கள் இழிவுத் தொழிலை விடுக என்றன. பறையைக் கீழே வைத்தவர் கலையைக் கைவிட்டவர் அல்லர். ஓர் இழிவை மறுத்தவர். ஈழத்திலும் இச்சிக்கல் உண்டு. மட்டக்களப்புப் பகுதிப் பறை முழக்குவாரின் சமூக நிலையை மானிடவியலறிஞர் தெனிசு மெக்கில்வ்ரே 1983-இல் தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். காவியம் படிப்பவர்க்குக் கிடைத்த மதிப்பு, அதே கோயிற்புறத்தில் பறை முழக்குபவர்க்குக் கிடைத்ததில்லை. இவ்வகையில் இரு நாடும் ஒன்றே.

பம்பைக்கும் பறைக்கும் வேண்டுவது பதனிட்ட தோலன்று, பச்சைத் தோல் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். குரோமிய உப்பில் ஊறிய தோல் காலணிக்கு மென்மை தரும்; முழவுக்கு ஒலி தாராது. தோலுக்குப் பெயர் பெற்ற வட்டாரத்திலும் முழவுத்தோல் செய்வோன் தனித் தொழிலறிவுடையவனாக நிற்கின்றான். அவ்வறிவும் எழுதப்படாததே.

ஆகவே, பழைய கடமையை மீட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பாடுவோர் விரும்பிப் பாடுமிடத்து, அவர் பாடத்தைத் தாளக் குறிப்போடு பதிவு செய்தல் வேண்டும். பாடினாரைத் தகவலாளர் என அடிக்குறிப்பில் ஒதுக்காது, அப்பாடத்தின் ஆசிரியராகக் கொண்டு பெயரும் ஊதியமும் வழங்குதல் வேண்டும். அதன் பின்னரே வழக்குரையையும் வருணிப்பையும் ஒருங்கு வைத்து ஒப்பிடும் தகுதி நமக்கு உண்டாகும். குடியாத்தத்தில் ஆண்டுக்கு ஒரு நாளேனும் தலை உடலோடு சேர்கின்றது. நம் ஆய்வோ இன்னும் தலையை மட்டுமே கொண்டு நிற்கின்றது.