தமிழில் மருத்துவ அறிவு: கிறீன் நூல்வரிசை பற்றிய ஒரு மதிப்பீடு

உடல்நலம் பற்றிய அறிவு ஏனைய அறிவுத் துறைகளினின்றும் ஒரு வகையால் வேறுபட்டது. வானநூல் அறியாதவனுக்கும் ஞாயிறு உதிக்கும். நோய் பற்றிய அறிவோ நோயாளியின் அருகில் இருப்பவருக்கு எட்டாதவிடத்துப் பயன் தராது. ஆராய்ச்சிக்கூடத்திற் கண்ட உண்மை, காய்ச்சலால் வாடும் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் தாயின் கைக்கு வந்து சேரும்பொழுதே பரிகாரம் ஆகின்றது. ஆதலின், மருத்துவ நூலொன்றை மதிப்பிடப் புகுவோர் அதன் கருத்து வழுவற்றதா என்று ஆராய்வதோடு அமையாது, அஃது யார் கைக்கு எட்டுமாறு எழுதப்பட்டது என்றும் வினாவுதல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உருவான தமிழ் மருத்துவ நூல்வரிசையை நோக்குவது பயனுடையது.

அந்நூல்வரிசைக்குக் காரணர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1822ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார்; மறு ஆண்டு மானிப்பாயிலே மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். இடையிற் சில ஆண்டுகள் தாயகத்தில் தங்கி மீண்டு, 1873ஆம் ஆண்டு வரை அங்கே உழைத்தார். 1884இல் அமெரிக்காவிற் காலமானார். ஆறுமுக நாவலர் பிறந்ததும் 1822ஆம் ஆண்டே. அவர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் 1848ஆம் ஆண்டே. ஒருவர் மிஷனரி, மற்றவர் மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்றவர். கொள்கையால் எதிரெதிரே நின்ற இருவரும், சில கல் தொலைவுக்குள் இருந்துகொண்டு, ஒரே கருவியைத் தீட்டினர். அக்கருவி தமிழ் வசனநடை. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தால், செய்யுளிற் கிடந்த அடியார் வரலாற்றை நாவலர் எளியோரும் படிக்கக் கொடுத்தார். அதே தசாப்தத்தில், ஆங்கிலத்திற் கிடந்த மருத்துவ அறிவைக் கிறீன் தமிழ் மாணவர் படிக்கக் கொடுத்தார். தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் முன்னதைப் போற்றுகின்றனர். பின்னதை அடிக்குறிப்பிலே தள்ளிவிடுகின்றனர். இது நீதியன்று.

நூல்வரிசையின் அமைப்பை முதலில் நோக்குவாம். கட்டர் என்பாரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலும், மோன்செல் என்பாரின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியமும் 1850களில் தோன்றின. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் பெருநூல்கள் இரண்டும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் இவற்றைத் தொடர்ந்தது. உடலமைப்பு, உடற்றொழில், நலம் பேணல், மகப்பேறு, அறுவை, நோய்ச் சிகிச்சை, இரசாயனம், மருந்து என ஒரு மருத்துவ மாணவன் கற்கவேண்டிய துறைகள் யாவும் இதனுள் அடங்குகின்றன. மாணவர் மொழிபெயர்க்கக் கிறீன் பார்வையிட்டுத் திருத்திய நூல்களும் இவற்றுள் உள. பக்கங்கள் மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. இவை தனித்தனி நூல்களாகத் தோன்றினும், ஒரு பாடத்திட்டத்தின் உறுப்புக்களாகவே எண்ணப்பட்டவை. தமிழில் அறிவியல் நூல் செய்த பலருக்கு வாய்க்காத முழுமை இது.

அடுத்துச் சொல்லாக்கம். நூற்பெயர்களே அதன் போக்கைக் காட்டவல்லன. அங்காதிபாதம் என்பது யாழ்ப்பாணத்து வைத்திய மரபில் முன்னரே வழங்கிய சொல். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகைகளை அறிந்த மாணவனுக்கு, உடலை உறுப்பு உறுப்பாக வரிசைப்படுத்திக் கூறும் முறை புதியதன்று. புதிய பொருளைப் பழகிய வாசல் வழியே அழைத்து வரும் நுட்பம் இச்சொல்லில் இருக்கின்றது. இரணவைத்தியம் என்பதும் அத்தகையதே. இரணம் என்றால் புண் என்பதை நாட்டுப்புறத்தாரும் அறிவர். சுகரணம், உற்பாலனம் என்பன வேறு வகை. கரணம், பாலனம் என்னும் வடசொற்களுக்கு அடை புணர்த்திச் சமைத்த இவை, ஆசிரியர் விளக்கினாலன்றி மாணவனுக்கும் பொருள் தாரா. கெமிஸ்தம் மூன்றாம் வகை. ஆங்கிலச் சொல்லின் ஒலியை எடுத்துத் தமிழ் ஈறு பொருத்தியது. இன்று இலங்கை மாணவர் இரசாயனவியல் என்கின்றனர், தமிழ்நாட்டார் வேதியியல் என்கின்றனர், கெமிஸ்தம் வழக்கொழிந்தது.

இவ்வடமொழிக் கலப்பைக் காட்டிக் கிறீனைக் குறைகூறுவது எளிது. ஆயின் அக்காலத்துக் கற்றோர் நடை அதுவே என்பதை மறத்தல் ஆகாது. உண்மையான குறை சொற்களின் பிறப்பில் இல்லை. அவை வாழ்ந்த இடத்தில் இருக்கின்றது. முதல் வகைச் சொல் வைத்தியன் வாயிலும் நோயாளி வாயிலும் ஒருங்கே வழங்கும். இரண்டாம் வகைச் சொல் வகுப்பறையில் மட்டும் வழங்கும். வகுப்பறை மூடப்படின் அச்சொல்லும் மடியும். நிகழ்ந்ததும் அதுவே.

கிறீன் தமிழைத் தெரிந்தெடுத்த காரணம் ஈண்டு நினைக்கத்தக்கது. முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியே சென்றனர். கிராமங்களோ வைத்தியரின்றி இருந்தன. கற்றவன் தன் ஊரிலேயே தங்கித் தன் அயலாரைப் பேணவேண்டுமாயின், அவன் கல்வி ஊர்மொழியில் அமையவேண்டும் என அவர் துணிந்தார். 1860களின் நடுப்பகுதியிலே போதனை தமிழுக்கு மாறிற்று. அவர் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர் என்பர். இது மொழிப்பற்றின் விளைவு என்பதினும், பராமரிப்புப் பற்றிய ஒரு கணக்கின் விளைவு என்பதே பொருந்தும்.

அம்முயற்சி நிலைபெறாமைக்குத் தமிழின் சொல்வறுமையைக் காரணம் காட்டுவோர் உளர். நாலாயிரம் பக்கங்கள் கண்முன் இருக்க, அக்கூற்று நில்லாது. 1870இற் கொழும்பிலே ஆங்கில மொழிவழி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பதவியும் ஊதியமும் அதன் வழியே கிடைத்தன. தமிழில் மருத்துவம் கற்றவனுக்கு அவ்வாயில் அடைத்திருந்தது. வாழ்க்கைக்கு வழிகாட்டாத கல்வியை எம்மொழியும் தாங்கி நிற்க இயலாது. எனவே, நூல்கள் தோற்றமையால் தமிழ் வழிக் கல்வி வீழவில்லை. அக்கல்வி வீழ்ந்தமையாலேயே நூல்கள் ஏட்டளவில் நின்றன.

எனினும் நூல்வரிசைக்கு உள்ளேயும் இரண்டு குறைகள் உள. முதலாவது, இவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்கள். மேனாட்டு ஆராய்ச்சி ஒரு காலகட்டத்திற் கண்ட முடிவுகளைத் தமிழுக்குத் தந்தன. முடிவு காணும் முறையைத் தமிழில் வளர்க்கவில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களை உடைய நாட்டிலே, அம்மரபின் மருந்துகளைச் சோதித்து ஏற்பன ஏற்றுத் தள்ளுவன தள்ளும் ஆராய்ச்சி தமிழில் எழுந்திருக்கலாம். இந்து பதார்த்த சாரம் அத்திசையை ஓரளவு சுட்டுகின்றது. இங்கே இந்து என்பது சமயத்தைக் குறியாது, இந்தியாவைக் குறிப்பது. வேறிங் தொகுத்த இந்திய மருந்துநூலே அதன் மூலம். ஆயினும் சுட்டிய திசையில் நடந்தார் இலர். இரண்டாவது, இந்நூல்கள் மருத்துவ மாணவனை நோக்கியன. நோயாளியை இரவும் பகலும் பேணுபவளை நோக்கியன அல்ல. பிரசவ வைத்தியமும் வைத்தியன் கற்பதற்கு ஆனதேயன்றி, மருத்துவிச்சியோ தாயோ படித்தற்கு உரியதன்று.

இவ்விரண்டாம் குறையை நிரப்பியவர் இருபதாம் நூற்றாண்டிலே தோன்றினர். அவருள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் நந்தி என்னும் புனைபெயரால் அறியப்பட்ட மருத்துவர் சிவஞானசுந்தரம். மலைக்கொழுந்து என்னும் நாவலால் இலக்கிய உலகம் அறிந்த இவர், 1978இற் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலே சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். அருமைத் தங்கைக்கு, நந்தினி உன் குழந்தை என்னும் சுகாதார நூல்களின் பெயர்களைக் கிறீனின் நூற்பெயர்களோடு ஒப்பிட்டாலே வேறுபாடு புலனாகும். முன்னவர் துறையின் பெயரால் நூலை அழைத்தார். இவர் படிப்பவளின் உறவால் அழைத்தார். தமையன் தங்கைக்குச் சொல்லும் பாங்கிலே கருவுற்றவளுக்கும் தாய்க்கும் வேண்டிய அறிவு சென்று சேர்ந்தது. கலைச்சொற் சிக்கல் இங்கே எழவேயில்லை. கேட்பவள் யார் என்பது தெளிவாயின், சொல் தானே வந்து வாய்க்கின்றது.

ஆயின் இங்கும் ஒரு பிளவு எஞ்சுகின்றது. தாய்க்கு உரிய அறிவுரையைத் தமிழில் எழுதிய அதே பேராசிரியர், மருத்துவ மாணவருக்கு ஆராய்ச்சி முறையைக் கற்பிக்கும் வழிகாட்டியை ஆங்கிலத்தில் எழுதினார். இது அவர் குறையன்று. அவர் பணியாற்றிய கல்வியமைப்பின் நிலை. அறிவுரைக்குத் தமிழ், ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் என்ற பாகுபாடு இன்றும் நீடிக்கின்றது. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று, கொழும்பிலும், இரத்மலானையிலுள்ள பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ பீடங்களின் போதனை ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. உலக ஆராய்ச்சியோடு தொடர்பு அறாதிருத்தற்கு அது வேண்டியதே. அதனை மறுப்பார் இலர். வினா வேறு. ஆராய்ச்சியின் முடிவு மட்டும் மக்கள் மொழிக்கு வந்து, அதன் காரணமும் வரம்பும் வாராவிடின், மக்கள் பெறுவது அறிவாகுமா?

'இதனை உண்க, அதனை ஒழிக' என்ற கட்டளையைப் பெற்றவன் பணியலாம், அல்லது மறுக்கலாம். சீர்தூக்கிப் பார்த்தல் அவனால் இயலாது. எத்தனை பேரிடத்துச் சோதித்தனர், யாரோடு யாரை ஒப்பிட்டனர், எவ்வளவு உறுதியாகச் சொல்கின்றனர் என்பவற்றை அறிந்தவனே போலி மருந்து விற்பவன் வாய்ச்சொல்லையும் மருத்துவன் சொல்லையும் வேறுபடுத்தி அறிவான். சிகிச்சைக்கு உடன்படுமாறு கேட்கப்படும் நோயாளிக்கும், முதியோரை வீட்டில் வைத்துப் பேணும் மக்களுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. சூழல் பற்றிய ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். பெருந்திட்டம் ஒன்றின் சூழல் விளைவு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அவர்தம் கருத்தைக் கேட்கும் முறை 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலங்கைச் சட்டத்தில் இடம்பெற்றது. வெள்ளவத்தைக் கால்வாயோரத்தில் வாழ்பவனும் காலி வீதியின் வாகனப் புகையைச் சுவாசிப்பவனும் அத்தகைய அறிக்கையைப் படித்து விளங்க இயலாராயின், கருத்துச் சொல்லும் உரிமை பெயரளவில் நிற்கும்.

தமிழ் அரசகரும மொழியாகவும் ஆனது 1987இல். 1956இற் தோன்றிய அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் அதற்கு முன்னரே தமிழ் மாணவர் கையிலிருந்தன. ஆகவே சொல் இல்லை என்று சொல்ல இனி இடமில்லை. வேண்டுவது ஒரு கடப்பாடு. இந்நாட்டு மக்களின் உடலைப் பற்றிச் செய்யப்படும் ஒவ்வோர் ஆய்வும், எவ்வாறு செய்யப்பட்டது, எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் சில பக்கங்களிற் கூறி, ஆய்வுக்கு உட்பட்டோர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். அறிவியற் றுறையிற் புகும் தமிழ் மாணவர் இப்பணியைத் தம் ஆய்வின் இறுதிப் பகுதியாகக் கருதுவாராக.

கிறீனின் நூல்களை இன்று ஒரு மாணவன் பாடநூலாகக் கற்க இயலாது. அவற்றின் மருத்துவம் பழையது, நடையும் பழையது. ஆயினும் அவற்றைச் செய்வித்த வினா பழையதாகவில்லை. வைத்தியம் கற்றவன் யார் வீட்டு வாயிலில் நிற்கப்போகின்றான், அங்கே எம்மொழியிற் பேசப்போகின்றான் என்று நூல் எழுதுமுன் அவர் கேட்டார். அவ்வினாவை எழுப்பாது எழுதப்படும் ஆய்வு, எத்துணை நுட்பமுடையதாயினும், பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது.