உரைத்தொகுப்பித் தேர்வு: விம், ஈமாக்ஸ், நோட்பேட்

உரைத்தொகுப்பி என்பது எழுத்துகளை மட்டும், வடிவமைப்பு எதுவும் சேர்க்காமல், கோப்பாகச் சேமிக்கும் மென்பொருள் ஆகும். விஐ, ஈமாக்ஸ் ஆகிய இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு நிரலாளர்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. இரு தரப்பும் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. தமிழில் தட்டச்சு செய்வோருக்கு அந்த அளவுகோல் போதாது.

விஐ தொகுப்பியை பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புக்குறிகள் இருந்தன. எஸ்கேப் விசை இன்றைய டேப் விசையின் இடத்தில், விரலுக்கு எட்டும்படி இருந்தது. ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மற்றொரு நிலையில் கட்டளையாகவும் இயங்கும் முறைக்கு இது வசதியாக இருந்தது. பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம்மும் இம்முறையையே பின்பற்றுகிறது.

தமிழில் எழுதும்போது இம்முறை இடர்தருகிறது. இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியபின் எஸ்கேப் அழுத்திக் கட்டளை கொடுத்தால், விம்முக்குப் போய்ச் சேர்வது தமிழ் எழுத்து; கட்டளை நிறைவேறாது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டும். விம்முக்குள்ளேயே விசைவரைபடம் அமைத்து இதைத் தவிர்க்கலாம். எனினும் புதியவருக்கு அது எளிதன்று. மேலும் விம்மைப் பலர் முனையத்தில் இயக்குகின்றனர். பல முனையங்களில் தமிழ் உயிர்மெய் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் தனக்கென உள்ளீட்டு முறைகளைக் கொண்டது. கண்ட்ரோல் விசையுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழுக்கு மாறலாம். தமிழில் இருக்கும்போதும் கண்ட்ரோல் சேர்ந்த கட்டளைகள் தடையின்றி இயங்கும். பழகும் காலம் நீண்டது என்பதும், கூட்டு விசைகள் சுண்டுவிரலை வருத்துகின்றன என்பதும் இதன் மெய்யான குறைகள்.

எளிமையை நாடி நோட்பேடுக்குச் செல்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019க்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளில் புதிய கோப்புக்கான இயல்பான குறிமுறை ஆன்சி. எச்சரிக்கைச் செய்தியைப் படிக்காமல் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறும். கோப்பை மூடிவிட்டால் அவற்றை மீட்க இயலாது. பழைய கணினிகளில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்த பிறகே சேமிக்க வேண்டும்.

எனவே தேர்வு வேலையைப் பொறுத்தது. சிறு குறிப்புகளுக்கு, குறிமுறை சரியாக இருந்தால், நோட்பேட் போதும். தமிழில் நீண்ட கட்டுரைகள் எழுதி ஒழுங்குபடுத்துவோருக்கு ஈமாக்ஸ் உழைப்புக்குப் பலன் தரும். யூனிக்ஸ் வழிவந்த வழங்கிகளில் பணிபுரிவோர், அங்கு பெரும்பாலும் கிடைப்பது விஐ என்பதால், கோப்பைத் திறக்கவும் திருத்தவும் சேமித்து வெளியேறவும் தேவையான சில கட்டளைகளையேனும் அறிந்திருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும், முதல் நாளே ஒரு தமிழ்ப் பத்தியைத் தட்டச்சு செய்து, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பார்ப்பது நல்லது. அந்தப் பத்தி எழுத்துப் பிசகாமல் வந்தால்தான் வேகத்தைப் பற்றிய ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.