யாரிடம் சொல்லி அழ?

நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களில், நேற்றிரவு காதல் முறிந்தவளும் இருப்பாள். ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் லைனில் அவளுக்கும் அதே டார்கெட்தான். சாவு வீடென்றால் பதினாறாம் நாள் வரை ஊர் வந்துபோகும். இந்த இழப்புக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. காதலே வீட்டுக்குத் தெரியாது. சாதி வேறென்றால் முறிந்ததையும் மறைத்தாக வேண்டும். ஊர் ஏற்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு நூலே தொகுத்தார். காதல் முறிவைப் பற்றிய பல ஆய்வுகளைவிட நமக்கு நெருக்கமானது அதுதான் என்பேன்.

அதிகம் பேசப்பட்டவை மூளை ஆய்வுகள். 2010இல் ஹெலன் ஃபிஷர் குழு, காதலில் கைவிடப்பட்ட 15 பேரை ஸ்கேன் செய்தது. பிரிந்தவரின் படத்தைப் பார்த்ததும், போதை ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்பாயின. நடுராத்திரியில் பிரிந்தவனுடைய ஸ்டேட்டஸை அவளைத் தேடவைப்பது அந்த ஏக்கம். அவளை மனத்திடம் இல்லாதவள் என்று ஏசுவது அநியாயம். மறு ஆண்டு ஈதன் கிராஸ் குழு 40 பேருக்குப் பிரிந்தவரின் படத்தைக் காட்டியது, முன்கையில் சூடும் வைத்துப் பார்த்தது. இரண்டுக்கும் மூளையில் ஒரே இடங்கள் விழித்தன. மனவலியும் உடல்வலியும் ஒன்றே என்று உலகமெங்கும் எழுதினார்கள். 2014இல் சூங்-வான் வூ குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, இடம் ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு தடங்களில் இயங்குவது தெரிந்தது. இதனால் மனவலி சின்னதாகிவிடவில்லை. அதை நம்புவதற்குச் சூட்டுக்காயத்தின் சாட்சி தேவையில்லை, அவ்வளவுதான்.

மனத்தில் உள்ளதை எழுதினால் ஆறும் என்பது 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தொடங்கிவைத்த ஆய்வுமரபு. எல்லோருக்கும் அது பொருந்தவில்லை. மணமுறிவுக்குப் பின் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்து உழல்பவர்கள் உணர்ச்சியைக் கொட்டி எழுதியபோது, அன்றாட வேலைகளை மட்டும் எழுதியவர்களைவிட மோசமாகத் தேறினார்கள் என்று 2013இல் டேவிட் ஸ்பாரா குழு கண்டது. அவரும் கிரேஸ் லார்சனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது: காதல் முறிவைச் சந்தித்த 210 இளைஞர்களில், ஆய்வகத்துக்கு அடிக்கடி வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள், தாம் யார் என்ற தெளிவை மற்றவர்களைவிட நன்றாக மீட்டார்கள். அங்கே யாரும் சிகிச்சை தரவில்லை. கேட்டார்கள், இவர்கள் சொன்னார்கள்.

நம் அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழி உண்டு. களவுக் காதலின் பாரம் தெரிந்து கேட்பவள் அவள். குறளின் காமத்துப்பாலிலோ 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் தலைவி வேறு ஆளில்லாமல் தன் நெஞ்சிடமே பேசுகிறாள். நாட்றம்பள்ளிப் பெண் இன்று அந்த அதிகாரத்தில்தான் நிற்கிறாள்.

உதவிக்கு இடம் இல்லாமல் இல்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அதன் பெருமை. ஆனால் இந்தத் துக்கத்தில் முதலில் மறைக்க வேண்டியதே குடும்பத்திடம். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அந்த ஆண்டு இந்தியாவில் நடந்த 1,70,924 தற்கொலைகளில் 4.5 சதவீதத்துக்குக் காதல் விவகாரம் காரணமென்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள்.

கேட்க ஓர் ஆள் கம்பெனியிலேயே இருக்க முடியும். 500 பேர் வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. அவருக்குக் கேட்கும் பயிற்சியும், கதவு சாத்திய ஓர் அறையும் வேண்டும். அங்கே சொன்னது சூப்பர்வைசர் காதுக்கும் வீட்டுக்கும் போகாது என்ற உறுதியைக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும்.