கட்டளை மறந்துபோகும், காரியம் மறக்காது

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும். போடாவிட்டால் கோப்புறையே முழுதாகப் போய் உட்காரும். டெர்மினலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இப்படிப் பத்திருபது கட்டளைகள் இருக்கும்: அடிக்கடி தேவைப்படும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் கையேட்டைப் புரட்ட வைக்கும். அவற்றைச் சேர்த்துவைக்கத்தான் பெட்.

கோ மொழியில் எழுதப்பட்ட சின்னஞ்சிறு கட்டற்ற மென்பொருள் இது. எழுதியவர் டெப்பெய் ஃபுகுடா. கன்டெய்னர்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ட்ரிவியைத் தொடங்கியவரும் அவரே. நிறுவுவது, பட்டியலிடுவது, திருத்துவது எல்லாம் இந்த வகைக் கருவிகளில் வழக்கமானவைதான். சில வாரங்களாக இதோடு இருந்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது, சேமிக்கும்போது இது கேட்கிற இரண்டாவது கேள்வி. முதலில் கட்டளையைக் கேட்கிறது. அடுத்து விளக்கம்: இது எதற்கு?

பழைய கட்டளைகளைத் தேடித் தரும் கன்ட்ரோல்-ஆர் இருக்கும்போது பெட் எதற்கு என்பார்கள். ஷெல்லின் வரலாற்றுக்குத் தெரிந்தது நாம் தட்டிய எழுத்துகள் மட்டுமே. நமக்கு மறப்பதும் அந்த எழுத்துகள்தான். சர்வரில் வட்டு நிரம்பி எல்லாம் நின்றுபோன நேரத்தில் 'டியூ' கட்டளையின் கொடிகள் யாருக்கு ஞாபகம் வரும்? 'எது இடத்தைத் தின்கிறது' என்ற கேள்விதான் வரும். விளக்கமாக அதையே எழுதிவைத்தால் போதும். விளக்கம், கட்டளை இரண்டையும் பெட் ஒரே வரியாக எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியிடம் கொடுக்கிறது. அந்த வரியில் உள்ள எந்தச் சொல்லைத் தட்டினாலும் சேமித்த துணுக்கு வந்து நிற்கிறது. 'ஆர்சிங்க் பேக்கப்' என்று கருவியின் பெயரையே விளக்கமாகப் போடுவது வீண். 'கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் அனுப்பு' என்று எழுதுங்கள், சாய்கோட்டுக் கவலை அத்தோடு தீர்ந்தது. விளக்கத்தை இப்படி எழுதப் பழகியபின் பெட்டில் உள்ள குறிச்சொல் வசதியை நான் தொடுவதேயில்லை.

மாறக்கூடிய இடங்களைக் கோண அடைப்புக்குள் பெயரிட்டு, சமக்குறி போட்டு இயல்பு மதிப்பும் தரலாம். காணொளியைச் சுருக்கும் எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் கோப்பின் பெயரை வெற்றிடமாக விட்டு, தரத்துக்கு 28 என்று வைத்திருக்கிறேன். தேர்ந்தெடுத்ததும் நிரப்பச் சொல்கிறது. 'எக்ஸெக்' துணைக்கட்டளை அடுத்த நொடியே இயக்கிவிடும்; அழிக்கிற வகைக் கட்டளைகளுக்கு அது ஆகாது. 'சர்ச்' துணைக்கட்டளையை ஒரு விசையில் கட்டிவைத்தால் கட்டளை உங்கள் வரியில் வந்து காத்திருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு என்டர் தட்டலாம்.

என்னை எரிச்சல்படுத்துவது ஒத்திசைவு. துணுக்குகள் எல்லாம் இயல்பாக ஒரே டாமல் கோப்பில் இருக்கின்றன. அதைக் கிட்ஹப்பின் கோப்புப் பகிர்விடமான ஜிஸ்டோடு ஒத்திசைக்கும்போது இரண்டில் எது புதியது என்று மட்டும் பெட் பார்க்கிறது. புதியது பழையதை அப்படியே மூடிவிடும். அலுவலகக் கணினியில் ஒரு துணுக்கும் வீட்டு மடிக்கணினியில் இன்னொன்றும் சேர்த்திருந்தால் ஒன்று போயே போய்விடும். ஒவ்வொரு துணுக்காக ஒப்பிட்டு இணைப்பது இந்தக் கருவிக்குப் பெரிய வேலையில்லை. இத்தனை அக்கறையோடு செய்யப்பட்ட ஒன்றில் இந்தக் குறை உறுத்துகிறது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரகசிய ஜிஸ்ட் என்ற பெயரை நம்பி உள்ளே கடவுச்சொல்லோ டோக்கனோ வைக்காதீர்கள். அது தேடலில் வராது, அவ்வளவுதான். முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம்.

துணுக்குக் கோப்பு எங்கே இருக்கவேண்டும் என்பதை அமைப்பில் மாற்றிக்கொள்ள முடிவதால், நான் அதை ஒரு பிரைவேட் கிட் ரெப்போவுக்குள் வைத்துவிட்டேன். இரண்டு கணினிகளின் சேர்க்கைகளும் மோதினால் கிட் நிறுத்திக் கேட்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்ல அரை நிமிடம் போதும். பெட்டின் சொந்த ஒத்திசைவை ஒரே கணினி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.