ஏனையவை மாறாதிருக்க

பொருளியல் வறண்ட பாடம். அதைச் சுவைபடக் கற்பிக்கக் கதையும் விளையாட்டும் வேண்டும் என்று நம்மிற் சிலர் கூறுகின்றனர். நல்ல எண்ணத்தில் எழுந்த கூற்றுத்தான். ஆயினும் நோயை அறியாமற் கூறும் மருந்து அது. பாடத்திலிருந்து மனிதரை நாம் வெளியேற்றினோம். அதன் பின்னரே அது வறண்டது.

மூலநூல்களைப் பாருங்கள். 1776இல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் ஆதம் சிமித் வேலைப்பகுப்பை விளக்கக் குண்டூசிப் பட்டறைக்குச் செல்கிறார். அங்கே பத்துப்பேர் வேலையைப் பகுத்துச் செய்து நாளொன்றுக்கு 48,000 ஊசிகள் ஆக்கக்கூடியதைக் கணக்கிடுகிறார். 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தில் கார்ல் மார்க்ஸ் துணியையும் மேலங்கியையும் எதிரெதிரே வைத்துப் பெறுமதியை ஆராய்கிறார். நாமோ வரைவிலக்கணத்தில் தொடங்கி வளையியில் முடிக்கிறோம்.

நானும் அவ்வாறு கற்பித்தவனே. “ஏனையவை மாறாதிருக்க, விலை கூடினால் கேள்வித்தொகை குறையும்” என்று கரும்பலகையில் எழுதினேன். “ஏனையவை எப்ப சேர் மாறாமல் இருந்தது?” என்று கேட்டாள் ஒரு மாணவி. வகுப்புச் சிரித்தது, எனக்கு விடை வரவில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் பண்டங்கள் அருகி விலைகள் ஏறியதை அவள் பெற்றோர் அறிவர். 2022இன் எரிபொருள் வரிசைகளை அவளே அறிவாள். பாதை மூடப்பட்டபோது நிரம்பலைக் குறைத்தது உற்பத்தியாளனின் விருப்பமா, அதிகாரமா? இவ்வினா பாடத்துக்குப் புறம்பானதன்று.

எங்கள் கொடிகாமச் சந்தையில் தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் குவிகின்றன. பருவத்தில் பலாப்பழத்தின் விலை ஏன் வீழ்கிறது? தேங்காயைப் போல அதை ஏன் வைத்திருந்து விற்க இயலாது? விளைவித்தவன் கொண்டுவரும் நிறையில் ‘கழிவு’ என்று வெட்டிக்கொள்ளும் உரிமை வியாபாரிக்கு எங்கிருந்து வந்தது? முதல் வினாவுக்கு வளையி விடை தரும். இரண்டாவதற்கு நிரம்பல் நெகிழ்ச்சி துணைசெய்யும். மூன்றாவதற்கோ பேரம் பேசும் வலிமை யாரிடம் உள்ளது என்று கேட்டாகவேண்டும். உறங்கும் வகுப்பு விழிப்பது இம்மூன்றாம் வினாவில்தான்.

வளையியை வீசியெறியுமாறு நான் கூறவில்லை. அது கூரிய கருவி. பரீட்சைக்கும் அது வேண்டும். ஆனால் வினா முன்னும் வளையி பின்னும் வரட்டும். தன் தாய் சந்தையிலிருந்து ஏன் வெறுங்கையோடு திரும்பினாள் என்பதை விளங்கிக்கொள்ள உதவும் கல்வியை எந்த மாணவனும் வறண்டதென்று கூறமாட்டான். அவ்வினாவுக்கு நாம் அஞ்சினால், எத்தனை விளையாட்டுகள் ஆடினும் பயனில்லை.