தட்டினால் பாடும் குழல்கள்

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் பானை இடுப்புக்கு ஏறும். மந்தமாக ஒலித்தால் கை அடுத்த பானைக்குப் போய்விடும். நூறு வயதான ஆங்கில இரட்டைக் குழல் ரைஃபிளை விலை பேச வருகிறவரும் இதையேதான் செய்கிறார். குழல் ஜோடியைக் கட்டையிலிருந்து கழற்றி, அடிக்கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, முட்டியால் தட்டுகிறார். மணியோசைபோல நாதம் நீண்டால் இரு குழல்களையும் இணைத்த பற்று இன்னும் உறுதியாக இருக்கிறது. நாதம் பாதியில் செத்தால் உள்ளே எங்கோ பற்று விட்டிருக்கிறது.

வேட்டையில் எனக்கு ஒப்புதல் இல்லை. யானை மீது குறிவைக்கும் மனிதரை நான் ரசிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த மனிதருக்காக லண்டனிலும் பர்மிங்காமிலும் அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களின் வேலையை ரசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆப்பிரிக்கப் புதரில் பத்து அடி தூரத்தில் காட்டெருமை திரும்பினால் இரண்டாவது தோட்டாவை ஏற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. அதனால்தான் இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனி இயக்கம். ஒன்று பழுதானாலும் மற்றது வெடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள ஒரே துப்பாக்கிக்குள் இரண்டு துப்பாக்கிகள்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் சுட வேண்டும். கைவேலையின் உச்சம் இங்கேதான். குழல்களை இணையாக ஒட்டிவிட்டால் போதாதா என்று தோன்றும், போதாது. வலக்குழல் வெடிக்கும்போது, குண்டு வாயைவிட்டு வெளியேறும் முன்பே, உதை துப்பாக்கியை மேற்புறமும் வலப்புறமுமாகத் திருப்பிவிடும். இடக்குழல் இடப்புறம் திருப்பும். ஆகவே இரு குழல்களும் முனையை நோக்கிச் சற்றே நெருங்கி வர வேண்டும். எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லாது, சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கைவினைஞர் சுடுகிறார், காகிதத்தில் விழுந்த துளைகளைப் பார்க்கிறார், முனையைச் சூடாக்கிப் பற்றை இளக்குகிறார், இடையிலுள்ள ஆப்பை மயிரிழை நகர்த்துகிறார், ஆறவிட்டு மறுபடி சுடுகிறார். துளைகள் அருகருகே வந்து அமரும்வரை இதே வேலை. வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுகிறவர் ஒவ்வொரு மெட்டாக நகர்த்திக் காது கொடுப்பது என் நினைவுக்கு வரும்.

அப்படிச் சேர்த்த சுருதி ஒரே ஒரு தோட்டாவுக்கானது. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்றால் 75 கிரெய்ன் எடை கார்டைட் வெடிமருந்து, 500 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2150 அடி வேகம். வேகம் குறைந்தால் துளைகள் விலகும். கூடினால் ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கம் போகும். பழைய குழல்களின் அடியில் பரிசோதனைக் கூட முத்திரைகளோடு இந்த எடைகளும் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குகிறவர் தட்டிப் பார்த்த கையோடு படிக்க வேண்டிய எழுத்து அது.

.470 பிறந்த கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1898இல் துப்பாக்கி வினைஞர் ஜான் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்தான் முதலில் கோலோச்சியது. இராணுவ மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளின் தோட்டாவும் அதே அளவு. கிளர்ச்சிக்காரர்கள் கைக்குக் குண்டு போய்விடுமோ என்ற அச்சத்தில் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450ஐத் தடுத்தது. உடனே லண்டன் பட்டறைகள் .465, .470, .475 என்று தடையைச் சுற்றி வழி கண்டன. ஓர் அரசாணை இத்தனை அளவுகளைப் பெற்றெடுத்தது. இவற்றுக்கான தோட்டாக்களை கைனாக் நிறுவனம் ஒரு கட்டத்தில் நிறுத்தியபோது, சுருதி குலையாத துப்பாக்கிகள்கூட ஊமையாகிப் பெட்டிக்குள் கிடந்தன. இப்போது தோட்டா மீண்டும் கிடைக்கிறது.

இனி கட்டை. சொல்லிச் செய்த துப்பாக்கி என்பது தைத்த சட்டை மாதிரி. கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு, எந்தக் கண் வலியது என்பதெல்லாம் அளந்து வால்நட் மரத்தில் செதுக்குவார்கள். பழையதை வாங்குகிறவர் இறந்துபோன ஒருவரின் உடம்பை வாங்குகிறார். தோளில் வைத்ததும் குறி தானாகக் கண்ணெதிரே வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் அது அவருக்கானதல்ல. இங்கே மரம் கருணை காட்டும். கொதிக்கும் எண்ணெயைக் கழுத்துப் பகுதியில் ஊற்றி ஊற்றி இளகவைத்து, வேண்டிய பக்கம் வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரும்புக்கு அந்த இளக்கம் கிடையாது. ஆகவே கட்டையின் அழகில் மயங்கி விலை பேசுகிறவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குழலை முதலில் பாருங்கள். அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்து உப்பை விட்டுச்செல்லும். வெந்நீரால் கழுவாமல் வெப்பமண்டல ஈரத்தில் போட்டுவைத்த குழலின் உட்சுருள் வரிகள் அம்மை கண்ட முகம்போல ஆகியிருக்கும். இயக்கத்தின் பின்னால் மரத்தில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதையின் பாரம் முழுவதையும் தாங்கும் இடம் அது.

எல்லாம் சரியாக இருந்தால் இன்னொரு சுகம் காத்திருக்கிறது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் யார் கேட்டார், என்று முடிந்தது என்ற மை எழுத்து கிடைக்கும். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் .450/400 ஜெஃப்ரி துப்பாக்கி, பின்னாளில் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் கைக்குப் போனது. எல்மர் கீத் வாங்கியதும் பழைய துப்பாக்கிதான்.

புதிதாகக் கேட்டால்? லண்டன் நிறுவனத்தின் முதல்தர இரட்டைக்குழல் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். காத்திருப்பு வருடக் கணக்கு. இடக்கைக்காரருக்கும், யாருடைய அளவுக்கும் வளையாத உடல்வாகு உள்ளவருக்கும் அதுவே வழி. கேட்கிறவரின் பிடிவாதம் புதுத் தோட்டாவையே பிறப்பித்ததும் உண்டு. .600இல் இதுவே கடைசி என்று வாக்குக் கொடுத்து ஒரு துப்பாக்கியை விற்றிருந்த ஹாலண்ட், பிறகு .600 கேட்டு வந்த அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு மறுத்துவிட்டது. அந்த மறுப்பிலிருந்து 1980களின் பிற்பகுதியில் .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் வந்தது: ஆயிரம் கிரெய்ன் குண்டு. யாருக்கும் தேவையில்லாத அளவு என்பதே என் எண்ணம். ஆனால் கொடுத்த வாக்கைக் காத்த அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் இரு உலகப் போர்களுக்கு நடுவே செய்த, குழல் கெடாத, அலங்காரம் குறைந்த ஒரு பழைய .470 இரட்டைக்குழலைத்தான் கைகாட்டுவேன். அதில் ஆப்பு நகர்த்தும் வேலை முடிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டாக நிலைத்தும் இருக்கிறது. ஆனாலும் யாரோ சிலர் புதியதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். பற்று விட்டுப்போன பழைய குழலை மீண்டும் சூடாக்கிச் சுருதி சேர்க்க, புதியதில் பழகிய கையே வர வேண்டும். நின்றுபோன வேலை திரும்பி வந்ததும் உண்டு: குழலைப் பூட்டுவதற்கு மேலெழும்பி வரும் ஒரு செங்குத்துத் தாழுக்கு ரிக்பியும் பிஸ்ஸல் என்பவரும் 1879இல் காப்புரிமை பெற்றார்கள். செய்வதற்குக் கடினம், செலவும் அதிகம் என்பதால் 1930களில் அது நின்றுபோனது. பல பத்தாண்டுகள் கழித்து ரிக்பி பட்டறை அதை மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறது. மூடும்போது அந்தத் தாழ் தன் இடத்தில் அமரும் சத்தம், பித்தளைச் செம்பின் மூடி பொருந்துவதுபோல், மிகச் சின்னதாகக் கேட்கும்.