வாளும் பொய்ம்முடியும்: யிரி கிலியானின் இரு ஓரங்கப் பலேக்கள்

துன்பியல் உயர்ந்தது, நகைச்சுவை அதனினும் தாழ்ந்தது என்னும் எண்ணம் திறனாய்வு வரலாற்றில் மிகப் பழையது. நம்மிலும் மேலானோரைப் படைத்துக் காட்டுவது துன்பியல், கீழானோரைப் படைத்துக் காட்டுவது இன்பியல் என அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் வகுத்தார். அவர் வகுத்தது பாத்திரங்களின் இயல்பை. பின்வந்தோரோ அதனைப் படைப்புகளின் தராதரமாகவே கொண்டுவிட்டனர். கண்ணீரை வரவழைப்பது ஆழமானது, சிரிப்பை வரவழைப்பது மேலோட்டமானது என்னும் தீர்ப்பு இன்றும் நம்மிடையே வாதமின்றி வழங்கிவருகின்றது. சமூகம் இடருற்றிருக்கும் காலத்தில் சிரிக்கும் கலை பொறுப்பற்ற கலை என்பாரும் உளர். போர்க்காலத்தை அறிந்த ஒரு சமூகத்துக்கு இது வெறுங் கோட்பாட்டு வினாவன்று.

இவ்வினாவை நடனத்தின் வாயிலாக ஆராய்வதற்கு ஏற்ற இரு படைப்புகள் உள்ளன. ஒரே நடன அமைப்பாளர், ஒரே இசையமைப்பாளரின் இசைக்கு, ஐந்தாண்டு இடைவெளியில் அமைத்த இரு ஓரங்கப் பலேக்கள் அவை. 'ஆறு நடனங்கள்' 1986இலும், 'சிறு மரணம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட 'பெத்தீத் மோர்' 1991இலும் அரங்கேறின. முன்னையது கேலிக்கூத்து; பின்னையது காமமும் மரணமும் பற்றிய அமைதியான தியானம். இரண்டும் வேறு மூன்று ஓரங்கப் பலேக்களுடன் 'கறுப்பும் வெள்ளையும்' என்னும் தலைப்பில் படமாக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய அரங்குகளுக்குச் செல்லும் வாய்ப்பற்ற நம் போன்றோர் இப்படைப்புகளை அறிவது திரை வாயிலாகவே. ஆதலால் அவற்றைத் திறனாயும்போது திரையையும் சேர்த்தே திறனாய வேண்டியவராகின்றோம்.

இவற்றை அமைத்த யிரி கிலியான் 1947இல் பிராக் நகரிற் பிறந்தவர். இலண்டனில் ரோயல் பலே பள்ளியிற் பயின்று, 1968இல் ஜொன் கிராங்கோ தலைமை தாங்கிய ஸ்ருட்காட் பலேக் குழுவிற் சேர்ந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் வார்சோ ஒப்பந்த நாடுகளின் படைகள் அவரது தாய்நாட்டினுள் நுழைந்தன. 1970களின் நடுப்பகுதியில் நெதர்லாந்து நடன அரங்கின் கலைப் பொறுப்பை ஏற்ற அவர், உலகறிந்த படைப்புகள் பலவற்றை அங்கேயே ஆக்கினார். வரலாறு ஒரே இரவில் மனிதரின் வாழ்வைப் புரட்டிவிடும் என்பதை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர் அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலிற் 'பெத்தீத் மோர்' பலேயை நோக்குவோம். மொசார்ட் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டிச் சால்ஸ்பேர்க் விழாவுக்கென இது ஆக்கப்பட்டது. மொசார்ட்டின் 23ஆம், 21ஆம் பியானோ கொன்சேட்டோக்களின் மெதுவான நடுப்பகுதிகள் மட்டுமே இதன் இசை. அவ்விரண்டையும் முன்னும் பின்னுமுள்ள விரைவான பகுதிகளினின்று வெட்டியெடுத்தமை கவனமின்மையால் நிகழ்ந்ததன்று. தலையும் கைகால்களும் துணிக்கப்பட்ட பழஞ்சிலைகளின் உடற்பகுதிகளைப் போன்று அவை தோன்றவேண்டும் என்பதே தம் நோக்கம் எனக் கிலியான் விளக்கியுள்ளார். சிதைத்தவரால் அழகை அழிக்க முடியவில்லை என்பது அவர் கருத்து.

இசை தொடங்குமுன் அமைதி. ஆறு ஆடவர், வாட்போர்ப் பயிற்சிக்குரிய மெல்லிய வாள்களுடன் தோன்றுகின்றனர். வாளை ஒரு விரல்நுனியில் நிறுத்துகின்றனர், காற்றில் வீசுகின்றனர், அது காற்றை அறுக்கும் ஒலியே அப்போதைய இசை. பின்னர் ஒரு பெரிய கரிய துணி மேடையை மூடி விலக, ஆறு மகளிர் வெளிப்படுகின்றனர். அதன்பின் இணை இணையாக ஆடல் தொடர்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டு அரசவை மகளிர் அணிந்தன போன்ற கரிய பேருடைகள் சில்லுகளில் நகர்கின்றன. அவை உடைகளல்ல, உடையின் வெறுங்கூடுகள். அவற்றின் பின்னிருந்து பெண்கள் விடுபட்டு வருகின்றனர். பிரெஞ்சு வழக்கிற் 'சிறு மரணம்' என்பது புணர்ச்சியின் உச்சநிலையைச் சுட்டும் தொடர். ஆயினும் கிலியான் அதனைக் காட்சிப் பொருளாக்கவில்லை. ஓருடல் மற்றோருடலின் எடையைத் தாங்குவதும், தாங்கும் கை விலகும் கணத்தில் அவ்வுடல் அடையும் தனிமையுமே இங்கு பொருளாகின்றன.

இப்பலேயின் அழகை மறுப்பார் எவருமிலர். எனினும் ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. வாள் ஆணுக்கும் உடை பெண்ணுக்கும் என வகுத்துக் கொடுத்த பங்கீட்டைக் கிலியான் இறுதிவரை கேள்விக்குட்படுத்தவில்லை. பெண் தன் கூட்டினின்று வெளியே வருகிறாள். வந்தபின் பெரும்பாலும் தூக்கப்படுகிறாள், திருப்பப்படுகிறாள், கிடத்தப்படுகிறாள். சிதைவுற்ற உலகைச் சொல்லவந்த படைப்பு, சிதைவுக்குரிய கருவியை ஏந்தியவனையும் அழகினால் மன்னித்துவிடுகின்றது. காண்போர் ஆறுதலுடனேயே எழுந்து செல்கின்றனர்.

இனி, 'ஆறு நடனங்கள்'. மொசார்ட் 1787ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னா அரசவையின் இசைஞராக நியமனம் பெற்றார். அரசவை நடன விழாக்களுக்கு ஆடல் இசை எழுதுவதே அப்பதவியின் முதன்மைக் கடமை. அவ்வாறு அவர் 1789ஆம் ஆண்டு பெப்ரவரியில் எழுதிய ஆறு ஜெர்மானிய நடனங்களே இப்பலேயின் இசை. அவ்வாண்டு யூலையிற் பாரிசில் பஸ்தீல் சிறை வீழ்ந்தது. ஒஸ்திரியாவோ 1788 முதல் துருக்கியப் பேரரசுடன் போரில் ஈடுபட்டிருந்தது. ஒருபுறம் போர், மறுபுறம் புரட்சி. நடுவில் விளக்கொளியில் ஆடிக்கொண்டிருந்தது வியன்னா. போர்களாலும் புரட்சிகளாலும் நிறைந்த இரு நூற்றாண்டுகள் மொசார்ட்டின் நடனங்களையும் நம்மையும் பிரிக்கையில், அவ்விசையின் நகைச்சுவையை மட்டும் எதிரொலிக்கும் ஆடல்களை அமைக்கத் தம்மால் இயலவில்லை என்பது கிலியானின் விளக்கம். ஆகவே தம்மைச் சூழ்ந்த உலகைக் கண்டுகொள்ளாத, பொருளற்றவை போலத் தோன்றும் ஆறு செயல்களை அவர் அமைத்தார்.

எட்டு நடனக் கலைஞர், மேலாடை களைந்த அரசவையினர் போன்று வெள்ளை உள்ளுடையில் தோன்றுகின்றனர். தலையில் வெண்மா படிந்த பொய்ம்முடி. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா புகைபோல் எழுந்து பரவுகின்றது. ஊடல், மயக்கம், பொறாமை, அச்சம் ஆகிய யாவும் இசையின் அளவுக்குள் மிகத் துல்லியமாக அடங்கிய கோணங்கித்தனமாக நிகழ்கின்றன. இத்துல்லியத்தை எளிதாக எண்ணலாகாது. சோகத்தில் அரைக்கணம் பிந்தினால் அது உணர்ச்சி எனப் பெயர்பெறும். நகைச்சுவையில் அரைக்கணம் பிந்தினால் சிரிப்பே பிறவாது.

இவ்விடத்திலேதான் இரு படைப்புகளுக்குமிடையிலான உறவு புலனாகின்றது. 'பெத்தீத் மோர்' பலேயிற் காணும் அதே கரிய பேருடைகள் ஐந்தாண்டுகளுக்கு முற்பட்ட 'ஆறு நடனங்களிலும்' மேடையைக் கடந்து செல்கின்றன. அங்கு அவை உடலினின்று கழற்றப்படும் கூடுகள். இங்கு ஆடுவோர் பொருட்படுத்தாத கரிய நிழல்கள். அங்கு மனிதர் தம் கூட்டை அறிந்து அதனினின்று வெளியேறுகின்றனர். இங்கோ தம்மைக் கடந்து செல்வது யாதென்பதை அறியாமலே ஆடிக்கொண்டிருக்கின்றனர். இவ்வறியாமையை நோக்கும்போது எது கடுமையான படைப்பு என்பதில் ஐயம் எழவேண்டியதில்லை. துன்பியற் பலே நமக்கு ஆறுதல் தருகின்றது. கேலிக்கூத்தோ அதனைத் தர மறுக்கின்றது. இறுதியில் மேலிருந்து சவர்க்காரக் குமிழிகள் மிதந்து இறங்குகின்றன. ஆட்டம் முடிந்துவிட்டது. குமிழி அழகானது, உடையும் என்பது யாவரும் அறிந்தது. அப்பொய்ம்முடிகள் தாங்கிய தலைகளுட் சில பின்னர் என்னவாயின என்பதை வரலாறு சொல்லும், மேடை சொல்வதில்லை.

1789 என்னும் ஆண்டை அறியாத பார்வையாளருக்கு இது வெறும் கோமாளிக் கூத்தாகவன்றோ தோன்றும் என வினவலாம். நியாயமான வினா இது. படைப்புக்கு வெளியிலுள்ள தகவலினால் மட்டும் ஆழம்பெறும் படைப்பு குறையுடையதே. ஆனால் இங்கு அத்தகவல் படைப்பினுள்ளேயே உருவமாகிவிட்டது. உதிரும் மா, கடந்து செல்லும் வெற்றுடை, உடையும் குமிழி ஆகிய மூன்றும் ஓர் உலகம் கரைந்துகொண்டிருப்பதை ஆண்டு அறியாதவருக்கும் உணர்த்துகின்றன. உள்ளடக்கத்தைக் கதைச்சுருக்கத்தில் தேடிப் பழகிய நாம், அது உருவத்தில் வாழக்கூடியது என்பதை இத்தகைய கதையற்ற கலையிலிருந்தே தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம்.

இனித் திரையைப் பற்றி. மேடையில் எங்கு நோக்குவது என்பதைப் பார்வையாளர் தாமே தெரிந்துகொள்கின்றனர். திரையில் அத்தெரிவைக் கமரா செய்கின்றது. இதனால் 'பெத்தீத் மோர்' சில பேறுகளை அடைகின்றது. வாளின் ஒலியும், மூச்சும், விரல்நுனியின் நடுக்கமும் இறுதி வரிசை ஆசனத்துக்கு எட்டாதவை. திரையில் அவை நம் அருகிலுள்ளன. ஆயினும் இழப்பும் உண்டு. மறைத்தலும் வெளிப்படுத்தலும் திரையில் ஒரு வெட்டினால் எளிதில் நிகழக்கூடியவை. ஆதலால் மனிதர் ஓடிவந்து இழுக்கும் அக்கரிய துணி மேடையில் ஏற்படுத்தும் வியப்பு, திரையிற் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

'ஆறு நடனங்களில்' இழப்பு வேறு வகையினது. அதன் பொருள், முன்னால் ஆடுவோரும் பின்னால் நகர்வனவும் ஒரே நேரத்திற் கண்ணிற் படுவதில் தங்கியுள்ளது. அண்மைக் காட்சியாக ஒரு முகத்தின் கோணலை நாடும் கணத்தில் நாம் சிரிக்கின்றோம். ஆனால் அம்முகத்தின் பின்னால் எது செல்கின்றது என்பதை இழந்துவிடுகின்றோம். முகத்தை மட்டும் கண்டவருக்கு அது கோமாளிக்கூத்து. மேடை முழுவதையும் கண்டவருக்கு அது ஒரு காலத்தின் சித்திரம். நகைச்சுவை மேலோட்டமானது என்னும் தீர்ப்பு ஓரளவுக்கு இத்தகைய அண்மைப் பார்வையின் விளைவே எனலாம். மறுபுறம், அரங்கில் வெவ்வேறு இரவுகளில் நிகழக்கூடிய இரு படைப்புகளை ஒரே தொகுப்பில் அருகருகே வைத்து, அக்கரிய உடைகளின் உறவை நாம் கண்டுகொள்ள வாய்ப்பளித்ததும் திரையே. இந்நன்றியை மறத்தல் தகாது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். இடர்க்காலத்திற் சிரிப்பது பிழையா? கிலியானின் இரு பலேக்களும் இவ்வினாவைத் திருத்தி அமைக்கின்றன. இடரைக் காணாது சிரிப்போர் அவரது பாத்திரங்கள். அக்காணாமையைக் கண்டு நம்மைச் சிரிக்கவைப்பவர் அவர். இவ்விரு சிரிப்பையும் ஒன்றெனக் கொள்வதே நம் திறனாய்வின் பிழை. 'பெத்தீத் மோர்' நம்மை உருகச்செய்து அமைதியுடன் வழியனுப்புகின்றது. 'ஆறு நடனங்கள்' நம்மைச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பு அடங்குமுன், நம் முதுகுக்குப் பின்னால் எது கடந்து செல்கின்றது எனத் திரும்பிப் பார்க்க வைக்கின்றது. இரண்டனுள் எது உயர்ந்தது எனத் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆனால் எது நம்மை விடாது பின்தொடர்கின்றது எனக் கேட்டால், வாளேந்தியவர்களை அன்று, பொய்ம்முடி அணிந்தவர்களையே சுட்டுவேன்.